மூக்குக் குழல் தேடி வடசென்னையில் ஐந்து நாட்கள்

முதல் நாள், வியாழக்கிழமை

காலை ஆறரை மணிக்கு எழும்பூரில் இறங்கினேன். கொருக்குப்பேட்டை அத்தை வீட்டில் பையை வைத்து, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கெல்லாம் பாரிமுனை வந்துவிட்டேன். ஐந்து நாள் விடுப்பு. பழைய தகர மூக்குக் குழல் ஒன்றாவது கண்ணில் படாதா என்று தேடுவது ஒன்றே வேலை.

என் பெட்டியில் இப்போது ஒன்பது குழல்கள் இருக்கின்றன. எல்லாமே ஆலையில் அச்சு வைத்து அடித்துத் தள்ளிய மலிவுச் சாமான்கள். குழல் என்றாலும் உருண்டையாக இருக்காது. உள்ளங்கையில் அடங்கும் தகரத் துண்டு. மேல்பாதி மூக்கின் இரண்டு துளைகளையும் மூடும்படி சிறிய கூரை போல வளைந்திருக்கும். கீழ்ப்பாதி தட்டையாக இருந்து வாயை அடைத்துக்கொள்ளும். வாய்க்கு நேரே ஒரு சன்னல். மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் காற்று கூரைக்கு அடியிலுள்ள குறுகிய சந்து வழியாக இறங்கி, சன்னலைத் தாண்டி, அதன் கீழ் விளிம்பில் மோதும். சத்தம் அங்கேதான் பிறக்கிறது.

விரல் வைக்க ஒரு துளைகூடக் கிடையாது. சுரத்தை மாற்றுவது நம் வாய். கோலி சோடா பாட்டிலின் வாயில் ஊதிப் பார்த்திருப்பீர்கள். சோடா நிறைய இருந்தால் கீச்சென்று கேட்கும், குடிக்கக் குடிக்கத் தடித்த குரலாக மாறும். உள்ளே காற்றுக்கு இடம் கூடினால் சுரம் இறங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்து விளக்கிய ஒத்ததிர்வு இது. மூக்குக் குழலில் நம் வாய்தான் அந்த பாட்டில். நாக்கை முன்னே தள்ளினால் இடம் குறைந்து சுரம் ஏறும். தாடையைத் தாழ்த்தினால் இறங்கும்.

ஹவாய்த் தீவுகளிலும் பிலிப்பைன்ஸ் மலைப்பகுதிகளிலும் மூங்கிலால் செய்த மூக்குப் புல்லாங்குழல்கள் வெகுகாலமாக உண்டு. அவை நம் புல்லாங்குழல் போலத் துளை போட்டவை, ஒரு மூக்குத் துளையால் ஊதுபவை. நான் சேர்ப்பது வேறு வகை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘ஹியூமனாடோன்’ என்ற பெயரில் விற்றார்கள். ஜெர்மனியிலும் செய்தார்கள். பிற்பாடு பிளாஸ்டிக் வந்து தகரத்தை ஓரம் தள்ளிவிட்டது. பிளாஸ்டிக் குழலின் ஒலியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அதை நான் வாங்குவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

காசி செட்டித் தெருவில் மூன்று மணி நேரம் நடந்தேன். மீன்பாடி வண்டிகளுக்கும் தலைச்சுமைக்காரர்களுக்கும் நடுவே ஆள் நுழைய முடிந்தால் போதும் என்கிற தெரு. கடை கடையாக என் அலைபேசியில் படத்தைக் காட்டினேன். ஒருவர் ஆட்டக்காரர்களுக்கான விசிலை எடுத்து வைத்தார். இன்னொருவர் திருவிழா பீப்பியை ஊதியே காட்டினார். “மூக்குலயா? சளி புடிச்சா இன்னா சார் பண்ணுவாங்க?” என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. சளி பிடித்தால் ஊத முடியாது என்றேன். நாராயண முதலி தெருவிலும் இதே கதைதான். எல்லாம் பிளாஸ்டிக், எல்லாம் புதுசு. மொத்த வியாபாரத் தெருவில் பழையது இருக்காது என்று தெரிந்துதான் போனேன். இருந்தாலும் ஏதாவது ஒரு கடையின் பரணில் பிரிக்காத பழைய அட்டைப்பெட்டி கிடக்கும் என்ற ஆசை எந்தச் சேகரிப்பாளனையும் விடாது.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை

இன்று அல்லிக்குளம் வளாகம். சென்ட்ரலுக்குப் பக்கத்தில். இங்கே வந்தால் மூர் மார்க்கெட்டை நினைக்காமல் இருக்க முடியாது. 1900-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-இல் தீயில் போயிற்று. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, பொம்மை, பறவை என்று கிடைக்காதது இல்லை என்பார்கள். அது இருந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. கடை இழந்தவர்களில் பலர் அல்லிக்குளத்துக்கு மாறினார்கள். நான் தேடும் பொருள் இந்த ஊரில் எங்காவது குவிந்து கிடந்திருந்தால், அந்தக் கூரைக்கு அடியில்தான் கிடந்திருக்கும் என்பது என் எண்ணம். எரிந்த பொருட்களின் பட்டியலில் மூக்குக் குழல் என்று யார் எழுதியிருக்கப் போகிறார்கள்?

பழைய சாமான் வைத்திருக்கும் ஒரு பாய் பொறுமையாக ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே மவுத் ஆர்கனின் மேல்தகடுகள், சாவி கொடுக்கும் கோழியின் பாதி உடம்பு, அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம் போடும் ஒரு தகரத் தவளை. தவளையின் வயிற்றில் ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. உடனே கையில் எடுத்துவிட்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1952 வரை நீடித்த அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானிலிருந்து ஏற்றுமதியான சாமான்களில் வரும் முத்திரை அது. இப்படி ஒரு வரி கிடைத்தால் போதும், பொருளின் வயது தெரிந்துவிடும். ஜெர்மன் சாமான்களில் ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்ற நான்கு எழுத்துகளைத் தேட வேண்டும். 1891 முதல் அங்கே சிறு கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்ததற்கான அடையாளம்.

காந்தம் ஒன்றும் எப்போதும் என் பையில் இருக்கும். நாம் தகரம் என்று சொல்வது வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. காந்தம் ஒட்டும். பித்தளையிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. பூச்சு கீறிய இடத்தில் மட்டும் துரு பிடித்திருந்தால் அது நல்ல செய்தி. அடுத்துப் பார்ப்பது இணைப்பு. பழைய தகரப் பொம்மைகள் பலவற்றில் ஒரு தகட்டில் சிறு நாக்கு விட்டு, மற்றதில் கீறல் போட்டு, நுழைத்து மடக்கியிருப்பார்கள். நாக்கு ஒருமுறைக்கு மேல் மடங்கியிருந்தால் யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

பாய் தவளைக்கு நூற்றைம்பது சொன்னார், நூற்றிருபதுக்குக் கொடுத்தார். மூக்குக் குழலின் படத்தை வெகுநேரம் பார்த்தார். “இது கடைக்கு வர்ற சரக்கு இல்ல தம்பி. இது இன்னான்னே தெரியாம எடைக்குப் போயிருக்கும். காயலான் கடையா பாரு,” என்றார்.

இதைவிட நல்ல யோசனையை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டேன். வாழைத்தண்டு போட்ட சூப் இரண்டு கிண்ணம். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக உருவான கடைவீதி இது. வெறுங்கையோடு வந்தவர்கள் ருசியை மட்டும் கூடவே கொண்டுவந்து விட்டார்கள்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை

மழை. பெரம்பூர் மட்டும் போய் வந்தேன்.

ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பார்க்க அத்தை அனுப்பினார். வாயாலேயே பாட்டு வாசிப்பார் என்று பேர். குழல் எதுவும் அவரிடம் இல்லை, பார்த்ததும் இல்லை. நான் கொண்டுபோன குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோப்பு போட்டுக் கழுவிக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் வெறும் காற்று வந்தது. மூன்றாவது நிமிடம் ஒரு முழு வரி வந்துவிட்டது! எனக்கு அதற்கு ஒரு மாதம் பிடித்தது. “சீட்டி அடிக்கத் தெரிஞ்சவனுக்கு இது ஒண்ணுமே இல்லப்பா. நாக்கு அதே இடத்துக்குத்தான் போவுது,” என்றார். உண்மைதான். சீட்டியில் உதடு செய்கிற வேலையை இங்கே தகரம் செய்கிறது. மற்றதெல்லாம் ஒன்றே.

ஒன்றே ஒன்று சரியாக வரவில்லை. அவர் மூக்கு அகலம். என் குழலின் கூரை குறுகலானது. ஓரத்தில் காற்று ஒழுகியது. “கொஞ்சம் விரிக்கவா?” என்று கேட்டுக் கட்டைவிரலை வைத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, ரயிலில் திரும்பும்போது, சொல்லியிருக்க வேண்டாமே என்று பட்டது.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை

கிடைத்துவிட்டது. பாதிதான். ஆனாலும் கிடைத்துவிட்டது.

காலையிலிருந்து மூலக்கொத்தளம், பழைய வண்ணாரப்பேட்டை என்று காயலான் கடைகளாக ஏறி இறங்கினேன். காயல்பட்டினத்திலிருந்து வந்து பழைய இரும்பு வியாபாரம் செய்தவர்களால் வந்த பெயர் என்பார்கள். இரும்பு ஒரு குவியல், பிளாஸ்டிக் ஒரு குவியல், அட்டை ஒரு குவியல். தகரத்துக்கு இரும்பை விடக் குறைந்த விலை என்பதால் அதைச் சுவரோரம் தனியாக ஒதுக்கியிருப்பார்கள். நான் நேரே சுவரோரம் போய்விடுவேன்.

ஐந்தாவது கடையில் ஒரு பெயிண்ட் டப்பா நிறையக் கதவுக் கொண்டி, கீல், திருகாணி. கொட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “பார்த்துக்கோ, திரும்ப அள்ளிப் போட்டுடணும்,” என்றார் கடைக்காரர். அள்ளிப் போடும்போதுதான் விரலில் பட்டது. ஒரு தட்டைத் தகடு, ஏழு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நடுவே நீள்வட்டச் சன்னல், அதன் கீழ் விளிம்பு மட்டும் கத்தி போல மெலிந்திருந்தது. மேலே மூன்று கீறல்கள், நாக்கு நுழைக்க. மூக்குக் கூரையைக் காணோம். ஆனால் அந்த விளிம்பைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. கதவுக் கொண்டிக்கு எதற்கு அப்படி ஒரு விளிம்பு?

பின்பக்கத்தைத் துடைத்தேன். ‘ஜெர்மனி’ என்ற ஆங்கிலச் சொல் அழுத்திய எழுத்தில், பாதி துருவுக்குள். முன்னால் இன்னும் ஏதோ எழுத்துகள் இருந்திருக்கின்றன, படிக்க முடியவில்லை. நாற்பது ரூபாய் கொடுத்தேன். எடைக்குப் போட்டால் ஒரு ரூபாய்கூடத் தேறாது என்று கடைக்காரர் இருபதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். வாங்கிக்கொள்ளவில்லை.

டீக்கடை வாசலில் உட்கார்ந்து அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் உதடு படும் இடத்தில் வெள்ளீயப் பூச்சு பிறை வடிவில் தேய்ந்துபோய் உள்ளேயிருந்து கரிய இரும்பு தெரிந்தது. அப்படித் தேய ஒருநாள் இரண்டுநாள் ஊதினால் போதாது. மேல் இடது மூலை லேசாக உள்ளே வளைந்திருந்தது. கீழே விழுந்து நசுங்கினால் மடிப்பு கூர்மையாக விழும். இது அப்படியில்லை, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிய வளைவு. இதை வைத்திருந்தவரின் மூக்கு ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருந்திருக்க வேண்டும்.

நான் தகரத்தை மட்டும் சேர்ப்பது இதனால்தான். ஒரே அச்சு, ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் விழுந்தவை. கடையில் தொங்கியபோது ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே இருந்திருக்காது. வாங்கியவர் ஊதிப் பார்க்கிறார், காற்று ஒழுகுகிறது, கட்டைவிரலால் அமுக்குகிறார். அந்த நிமிடத்திலிருந்து அது அவர் மூக்குக்கு மட்டும் பொருந்தும் குழல். பிளாஸ்டிக் வளைந்து கொடுக்காது. புதிதுபோல இருக்கும் துண்டுகளுக்கு அதிக விலை கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். எனக்கு வளைந்ததுதான் வேண்டும்.

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனேன். திரும்பி வந்தால் அத்தை புளியும் சாம்பலுமாகக் கையில் தகட்டோடு நிற்கிறார். ஓடிப்போய் வாங்கினேன். “ஏண்டா, குத்துவிளக்கு எல்லாம் அப்படித்தானே தேய்க்கிறோம்?” பித்தளைக்குப் புளி சரி. தகரத்தில் மீதியிருக்கும் பூச்சையும் அது அரித்துவிடும். அந்தப் பிறையும் போய்விடும். வெந்நீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய தூரிகை, உடனே துணியால் ஒற்றி வெயிலில் காயவைப்பது. அவ்வளவு போதும். வாயில் வைக்கும் சாமான் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பெயிண்டிலும் பற்றவைப்பிலும் காரீயம் இருக்கக்கூடும். வண்ணம் பூசிய பழைய குழலையோ ஈயப்பற்று வைத்ததையோ நான் ஊதுவதில்லை. இதில் இரண்டும் இல்லை.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை

இரவு ஒன்பதரைக்கு ரயில். அதற்குள் கூரை வேண்டும்.

சூளையில் தகர வேலை செய்யும் பெரியவர் ஒருவரை, கடைக்காரர் ஒருவர் கைகாட்டினார். புனல், உண்டியல், எண்ணெய் அளக்கும் படி, முறம் எல்லாம் அவர் கொட்டகையில் தொங்கின. தகரக் கத்தரி, மரச்சுத்தி, பட்டடையாக ஒரு தண்டவாளத் துண்டு. கூட ஒரு பையன், பேரன் முறை. தகட்டை நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

“எந்த ஊர்ச் சாமான்?”

“ஜெர்மனி தாத்தா.”

“எம்டன் ஊர்ல இருந்தா?” என்று சிரித்தார். 1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்தியது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் இன்னும் வாயில் புழங்குகிறது. அவர் தாத்தா அந்த நெருப்பைப் பார்த்தவராம்.

முதலில் நவச்சாரத்தை எடுத்தார். பற்றவைக்க வேண்டாம், நாக்கு மடிப்பாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். தகட்டின் மூன்று கீறல்களையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “செஞ்சவன் யோசிச்சு செஞ்சிருக்கான். நடுக் கீறல் மட்டும் அகலம். அப்போதான் கழண்டு மாட்டினாலும் திசை மாறாது,” என்றார். இத்தனை வருடத்தில் என் ஒன்பது குழல்களிலும் நான் கவனிக்காத ஒன்று.

15 கிலோ சமையல் எண்ணெய் டின் ஒன்றை வெட்டி விரித்தார். முதலில் என் நோட்டுத் தாளில் மாதிரி, அப்புறம் தகரம். என் குழல் ஒன்றைப் பார்த்துப் பார்த்து அரைமணியில் ஒரு கூரை செய்துவிட்டார். மாட்டி ஊதினேன். புஸ் என்று காற்று மட்டும்.

சந்து அகலம் கூடிவிட்டது. காற்று விரிந்துபோனால் விளிம்பில் கூராக மோதாது. அழுத்தி இறுக்கினார். இப்போது மூச்சே அடைத்தது. எவ்வளவு இடைவெளி என்று அளக்க அவரிடமும் கருவி இல்லை, என்னிடமும் இல்லை. பையன் அலமாரியிலிருந்து பழைய அஞ்சலட்டைகளை எடுத்துவந்தான். தகடுகளுக்கு நடுவே இரண்டு அட்டை வைத்து மடக்கி, அட்டையை உருவிவிட்டு ஊதினேன். மெலிதாக ஏதோ வந்தது. மூன்று அட்டை. கூடுதலாக வந்தது. நான்கு அட்டையில் கொட்டகையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு ஒலி! ஐந்தில் மறுபடி புஸ். நான்கு அட்டை என்றால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். எல்லாக் குழலுக்கும் இதுவே கணக்கு என்று சொல்லமாட்டேன். இந்தத் தகட்டுக்கு இது.

இடது மூலையின் வளைவை நிமிர்த்தட்டுமா என்று பெரியவர் கேட்டார். கூடாது என்றேன். அப்படியானால் புதுக் கூரையும் அதற்கேற்ற சாய்வோடு இருக்க வேண்டும் என்று அவரே சொல்லி, மரச்சுத்தியால் இரண்டு தட்டு தட்டினார். என் மூக்கு நேரானது. அதனால் வலப்பக்கம் ஒரு துணியை மடித்து வைத்துத்தான் நான் ஊத முடிகிறது. பரவாயில்லை. கூரைக்கு மெருகு ஏற்றவில்லை, எண்ணெய் கம்பெனியின் மஞ்சள் வண்ணம் வெளிப்பக்கம் அப்படியே இருக்கிறது, மூக்கு படும் பக்கம் வெறும் தகரம். உள்ளே ‘சென்னை’ என்றும் இந்த வருடத்தையும் ஆணியால் கீறச் சொன்னேன். பின்னால் யார் கையில் போனாலும் எது பழையது எது புதியது என்று அவர் குழம்பக்கூடாது.

அப்புறம் பையன் கேட்டு வாங்கினான். பெரம்பூர்க்காரரை மறுத்தது நினைவிருந்ததால், வேறு ஒரு குழலை எடுத்து, கழுவி, “உன் மூக்குக்கு ஏத்த மாதிரி அமுக்கிக்கோ,” என்று கொடுத்தேன். அவன் கானா பாடுகிற பையன். வலது கையால் உண்டியலில் தாளம் போட்டுக்கொண்டு, இடது கையால் குழலைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். நான் இதுவரை சுரம் சுரமாக நிறுத்தித்தான் வாசித்து வந்தேன், ஆர்மோனியக் கட்டை போல. அவன் எங்கேயும் நிறுத்தவில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டே போனான். கானாவில் வரி முடியும் இடத்தில் குரல் இழுத்து இறங்குமே, அந்த இழுப்பு அப்படியே வந்தது. கச்சேரி பாஷையில் ஜாரு என்பார்கள். துளை இல்லாத வாத்தியத்துக்கு அதுதான் இயல்பு. இத்தனை நாள் நான் இதைத் தப்பாக வாசித்திருக்கிறேன்.

பெரியவர் கடைசிவரை ஊதவில்லை. நான் பணம் கொடுத்துவிட்டுப் பையைக் கட்டும்போது, அதே எண்ணெய் டின்னின் மீதியில் கத்தரியை ஓட்டிக்கொண்டிருந்தார். மாதிரித் தாளைக் கேட்கவில்லை, கையிலேயே கணக்கு இருந்தது. இருபது நிமிடத்தில் ஒரு முழுக் குழல், தகடும் கூரையுமாக. மூக்கில் வைத்தார், எடுத்தார், கட்டைவிரலால் இரண்டு பக்கமும் விரித்தார், மறுபடி வைத்தார். ஒரே ஒரு சுரம், நீளமாக, ஆட்டமில்லாமல்.

“ம்,” என்றார். படி, புனல் எல்லாம் தொங்கும் வரிசையில் ஒரு ஆணியில் அதை மாட்டிவிட்டு, பாதியில் நின்ற உண்டியலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.